மட்டாஞ்சேரிக் கரையும் ஒரு சேற்றுப்படகும்

காலை ஏழரைக்கே வெயில் ஏறிவிட்டது. ஃபோர்ட் கொச்சியில் வெளி என்று ஒரு பகுதி. அங்குள்ள தோபிகானாவுக்குள் நுழைந்ததுமே கல்லில் துணி அடிக்கும் சத்தமும் கஞ்சி மணமும் சேர்ந்து வந்தன. டச்சுக்காரர்கள் தங்கள் படையாட்களின் உடுப்புகளைத் துவைப்பதற்காகத் தமிழகத்துப் பக்கமிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் இங்கே தொழில் செய்கிறார்கள். பேச்சு தமிழ்தான், நடுநடுவே மலையாளம் கலந்துவரும். கயிற்றை இரட்டையாக முறுக்கிக் கட்டி, முறுக்கின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள். கிளிப்புக்கு வேலையே இல்லை.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் திருப்பிப்போட்ட தலையணை உறையின் ஓரத்தில் இரண்டு புள்ளி, ஒரு கோடு, பக்கத்தில் பிறைபோல ஒரு வளைவு.

“இது என்னம்மா?”

“ஹோட்டல் துணி தம்பி. எந்த ஹோட்டல்னு எங்களுக்குத் தெரியும். முன்னெல்லாம் சேராங்கொட்டைப் பால்ல குறி போடுவோம், எத்தனை வெளுத்தாலும் போகாது. இப்ப மார்க்கர் பேனாதான்.”

“வேற ஆளு பாத்தா புரியுமா?”

“புரிஞ்சா அப்புறம் அது என்ன குறி?” என்று சொல்லிவிட்டு அடுத்த உறையை எடுத்தார்.

நான் கொச்சிக்குப் போனது, வேற ஆளுக்குப் புரிந்துவிட்ட குறிகளைத் தேடி. இரண்டாம் உலகப்போரில் இந்தக் கடலில் யார் பேசினார்கள், யார் ஒட்டுக்கேட்டார்கள், யார்மேல் பழி விழுந்தது என்று சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். படித்ததில் ஒரு சங்கதி மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. 1943 மார்ச்சில் கொச்சித் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சேற்றுப்படகின் கதை அது. அந்தக் கரையில் நின்று பார்க்காமல் எழுதக்கூடாது என்று தோன்றியது.

தோபிகானாவிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். பஜார் ரோட்டில் இறங்கி நடந்தேன். இஞ்சி, மிளகு, ஏலம் என்று மணம் கிட்டங்கிக்குக் கிட்டங்கி மாறுகிறது. பல கிட்டங்கிகளுக்கு இரண்டு வாசல்: ஒன்று தெருப்பக்கம், இன்னொன்று காயல் பக்கம். தெருவில் லாரி, பின்னால் தண்ணீர். இன்றைக்குப் பாதிக்குப் பாதி பூட்டிக்கிடக்கின்றன, அல்லது காபிக்கடைகளாகிவிட்டன. டச்சு அரண்மனையைத் தாண்டி யூதத் தெருவுக்குள் திரும்பினால், 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெபாலயம். அதற்குச் சற்று முன்னால் ஒரு பழம்பொருள் கடைக்குள் மழைக்கு ஒதுங்குவதுபோல வெயிலுக்கு ஒதுங்கினேன்.

கடைக்காரரிடம், “சேட்டா, பழைய தந்திப் புத்தகம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன். தந்தி இயந்திரம் கேட்பவர்கள் உண்டு, புத்தகம் கேட்பவர் குறைவுபோல. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனவர், கரையான் ஓரம் தின்ற ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தார். பென்ட்லியின் சொற்றொடர்ச் சங்கேதப் புத்தகம். 1906இல் முதலில் வந்தது. உலகம் முழுக்க வணிகர்கள் மேசையில் வைத்திருந்தது.

பக்கத்தின் ஒரு புறம் ஐந்தெழுத்துச் சொற்கள். எந்த மொழியிலும் பொருள் கிடையாது. எதிரே ஆங்கில வாக்கியங்கள்: சரக்கு ஏற்றியாகிவிட்டது, விலை இறங்கும் போலிருக்கிறது, அடுத்த கப்பலில் அனுப்புங்கள் என்கிற தினுசில். கடல்கடந்த தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். பத்தெழுத்து வரை ஒரே சொல்லாகக் கணக்கு. ஆகவே ஐந்தெழுத்துச் சொல் இரண்டை ஒட்டி அனுப்பினால் ஒரு சொல் காசுக்கு இரண்டு முழு வாக்கியம் லண்டன் போய்ச்சேரும். ஒரு பக்கத்தின் விளிம்பில் யாரோ பென்சிலால் இட்ட சின்னச் சின்ன டிக் குறிகள் இருந்தன. அந்த வாக்கியங்கள் அந்த ஆபீசில் அடிக்கடி தேவைப்பட்டிருக்க வேண்டும். விரல் வைத்துப் பார்த்தேன். பென்சில் அழுத்திய பள்ளம் இன்னும் இருந்தது.

பென்ட்லியில் ரகசியம் ஏதுமில்லை. காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் புத்தகம். ஆனால் கடற்படைகளின் சங்கேதமும் இதே எலும்புக்கூட்டின்மேல் எழுந்ததுதான். பள்ளிக்கூடத்து இலக்கண வகுப்பில் குழூஉக்குறி படித்திருப்போம்: பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பர், யானைப்பாகர் துணியைக் ‘காரை’ என்பர். ஒரு குழுவுக்கு மட்டும் விளங்கும் சொல். கடற்படைக்காரன் அதோடு நிற்கவில்லை. குறியின்மேல் இன்னொரு பூட்டுப் போட்டான்.

ஜப்பானியக் கடற்படையின் பெரிய சங்கேதத்துக்கு எதிராளிகள் வைத்த பெயர் ஜே.என். 25. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து இலக்க எண். உதாரணத்துக்கு நானே ஒன்று போட்டுக்காட்டுகிறேன். ஒரு சொல்லின் எண் 45603 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை அப்படியே அனுப்பமாட்டார்கள். இரண்டாவது புத்தகம் ஒன்று உண்டு. பக்கம் பக்கமாகத் தாறுமாறான எண்கள். அதிலிருந்து ஓர் எண்ணை எடுத்து, 27518 என்போம், இலக்கத்துக்கு இலக்கம் கூட்டுவார்கள், மீதியை அடுத்த இலக்கத்துக்கு ஏற்றாமல். 62111 வரும். காற்றில் போவது இந்த எண்தான். மறுமுனையில் அதே பக்கத்தை வைத்திருப்பவன் கழித்து எடுத்துக்கொள்வான்.

இதை எப்படி உடைத்தார்கள்? அங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறியும். தந்தியில் எழுத்துப்பிழை வந்தால் கண்டுபிடிக்க வேண்டுமே என்று ஜப்பானியர் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள்: மூல எண் ஒவ்வொன்றும் 3ஆல் மீதியில்லாமல் வகுபட வேண்டும். மேலே சொன்ன 45603ஐக் கூட்டிப்பாருங்கள், 18 வரும். அவர்களுடைய இந்த ஒழுங்கே ஓட்டையாகிவிட்டது. ஒரே கூட்டல் எண்ணால் பூட்டிய பத்துக் குறிகளை வரிசையாக அடுக்கி, இந்த எண்ணாக இருக்குமோ என்று ஒன்றை ஊகித்துக் கழித்துப்பார்ப்பார்கள். பத்தும் 3ஆல் வகுபட்டால், தற்செயலாக அப்படி வருவதற்கு ஏறத்தாழ 59 ஆயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான். மணிக்கணக்காக, மாதக்கணக்காக இந்தக் கழித்தல் கணக்கு. செய்தவர்களில் பெண்கள் நிறையப் பேர்.

அந்தக் கணக்கு நடந்த இடங்களில் ஒன்று நமக்கு எட்டிய தூரத்தில், கொழும்பில் இருந்தது. பிரிட்டனின் தூரக்கிழக்குக் கூட்டுச் செயலகம் ஹாங்காங்கில் தொடங்கி, 1939இல் சிங்கப்பூருக்கு மாறி, 1942 ஜனவரியில் கொழும்புக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இடம்பிடித்தது. மார்ச் மாதம் அவர்கள் படித்த சங்கேதத்தில், ஜப்பானிய விமானந்தாங்கிகள் கொழும்பைத் தாக்கப்போகின்றன, ஏப்ரல் 1 வாக்கில் வரும் என்று இருந்தது. அட்மிரல் சோமர்வில் தன் கப்பல்களைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே போய்க் காத்திருந்தார். எதிரி வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் தீர்ந்துவர, தகவல் பொய்போலும் என்று மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குப் போய்விட்டார். இரண்டு க்ரூஸர் கப்பல்களை, டார்செட்ஷயரையும் கார்ன்வாலையும், திரும்ப இலங்கைக்கு அனுப்பினார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. அன்று மதியமே அந்த இரண்டு கப்பல்களும் கடலுக்குள் போயின. நான்கு நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் விமானந்தாங்கியும் போயிற்று. சங்கேதத்தைச் சரியாகத்தான் படித்தார்கள். தேதி மட்டும் சில நாள் தள்ளிப்போயிற்று. அந்தச் சில நாளின் விலை நூற்றுக்கணக்கான உயிர்.

அதற்குப் பிறகு அந்தச் செயலகம் கடல்தாண்டி கென்யாவின் மொம்பாசாவுக்குப் போனது. அங்கேயும் ஒரு பள்ளிக்கூடந்தான், இந்திய வணிகர் அல்லிதினா விஸ்ராம் பெயரில் உள்ளது. 1943இல் மீண்டும் கொழும்புக்கே வந்தது.

புத்தகத்தின் விலையைக் கேட்டேன். என் பயணச்செலவு முழுவதையும் விழுங்கிவிடும் தொகை. கடைக்காரர் முகம் சுளிக்காமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, “காயல் பார்க்கணுமெங்கில் இது வழி போயால் மதி” என்று கிட்டங்கிச் சந்தைக் காட்டினார்.

சந்தின் முடிவில் படித்துறை. எதிரே, நடுவில் ஓடும் கப்பல்வழிக்கு அந்தப் பக்கம், வில்லிங்டன் தீவு. அதன் மேற்குக் கரைக்கு மட்டாஞ்சேரி வார்ஃப் என்றே பெயர். கிரேன்கள் நிற்கின்றன, தகரக் கொட்டகைகள் நீளமாகப் போகின்றன. இந்தத் தீவே காயலைத் தூர்வாரிய சேற்றில் உண்டானது. 1920இல் சென்னை மாகாண அரசு அனுப்பிய பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, காயலின் வாயை அடைத்துக்கிடந்த மணல்திட்டை வெட்டித் திறந்தார். 1928 மே 26 அன்று பத்மா என்ற நீராவிக்கப்பல் முதன்முதலாக உள்ளே வந்தது. வாரிய சேற்றை ஓரிடத்தில் கொட்டிக்கொண்டே போக, தீவு வளர்ந்தது.

சேறு வாரும் ஊரில் சேறு சுமக்கும் படகை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஃபீபி அப்படிப்பட்ட படகு. ஹாப்பர் பார்ஜ் என்பார்கள்: வாரிய சேற்றை வயிற்றில் நிரப்பிக்கொண்டு போய், அடிக்கதவைத் திறந்து நடுக்கடலில் கொட்டிவிட்டு வரும். மெதுவாகப் போகும், அலையில் உருளும். 1943இல் அது கல்கத்தாவிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்தது. அதில் ஏறவேண்டியவர்கள் ரயிலில் வந்தார்கள், சென்னை வழியாக.

வந்தவர்கள் யார் என்பதுதான் விசேஷம். கல்கத்தா லைட் ஹார்ஸ் என்ற தன்னார்வக் குதிரைப்படையினர் 14 பேர், கல்கத்தா ஸ்காட்டிஷ் படையினர் 4 பேர். சணல், தேயிலை, கணக்கு என்று கல்கத்தா கம்பெனிகளில் வேலைபார்த்த வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள். வீட்டில் பயிற்சிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். தலைமை கர்னல் கிரைஸ். பின்னாலிருந்து நடத்தியது எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டிஷ் ரகசியப் படைப்பிரிவு. அதன் அதிகாரி லூயிஸ் பியூ.

போகவேண்டிய இடம் கோவாவின் மர்மகோவா துறைமுகம். அங்கே 1939இல் போர் மூண்டபோது ஒதுங்கிய கப்பல்கள் நான்கு நின்றுகொண்டிருந்தன: ஜெர்மானிய எஹ்ரன்ஃபெல்ஸ், டிராகன்ஃபெல்ஸ், பிரவுன்ஃபெல்ஸ், இத்தாலிய அன்ஃபோரா. கோவா போர்ச்சுக்கலின் கையில். போர்ச்சுக்கல் நடுநிலை. அங்கே பிரிட்டிஷ் கடற்படை கால்வைக்க முடியாது. ஆனால் எஹ்ரன்ஃபெல்ஸில் ரகசியமாக ஒரு கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கிறது, அதன்வழியாகத்தான் நம் கப்பல்களின் புறப்பாடு நீர்மூழ்கிகளுக்குத் தெரிகிறது என்று எஸ்.ஓ.இ. நம்பியது. சீருடை போடாத குதிரைப்படைக் குமாஸ்தாக்களை அனுப்பினால், பிடிபட்டாலும் அரசாங்கம் கைகழுவிவிடலாம்.

மார்ச் 9ஆம் தேதி அதிகாலை இருட்டில் ஃபீபி மர்மகோவாவுக்குள் நுழைந்தது. அது கார்னிவல் நேரம். மாலுமிகளில் ஒரு பகுதியினர் கரையில் கொண்டாட்டத்தில் இருக்கும்படி ஏற்பாடாகியிருந்தது. படகு எஹ்ரன்ஃபெல்ஸை ஒட்டியது, ஏணி போட்டு ஏறினார்கள். கப்பல்தலைவரும் மாலுமிகள் சிலரும் செத்தார்கள். தப்பியவர்கள் முன்பே போட்டுவைத்திருந்த திட்டப்படி கப்பலுக்குத் தீவைத்து அடித்திறப்பைத் திறந்துவிட்டார்கள். மற்ற மூன்று கப்பல்களும் அதைப் பார்த்துத் தாங்களே தங்களை மூழ்கடித்துக்கொண்டன. ஏறியவர்களில் ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. பல பத்தாண்டு இது வெளியே வரவில்லை. 1978இல் ஜேம்ஸ் லீசர் புத்தகமாக எழுதினார், 1980இல் கிரிகரி பெக்கும் ரோஜர் மூரும் டேவிட் நிவனும் நடித்த படமாகவும் வந்தது.

படகில் வில்லிங்டன் தீவுக்குக் கடந்தேன். இறங்கி மரநிழலில் ஒரு திண்டில் உட்கார்ந்தேன். எதிரே மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளின் ஓட்டுக்கூரை வரிசை. இங்கே உட்கார்ந்து யோசித்தபோது அந்த முள் திரும்பவும் நெருடியது.

1943 மார்ச்சில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் எங்கே இருந்தன? இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கு மூலையில், தென்னாப்பிரிக்கக் கரையோரம். மான்சூன் என்று பெயரிட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கூட்டம் இந்தப் பக்கத்துக்கு வந்தது அந்த ஆண்டின் பிற்பாதியில்தான். அரபிக்கடலில் அதுவரை வேட்டையாடியவை ஜப்பானியருடையவை. கோவாவில் முடங்கிக்கிடந்த ஒரு சரக்குக்கப்பல், கேப் முனைக்கருகே இருந்த நீர்மூழ்கிக்கு எந்தப் புறப்பாட்டைச் சொல்லியிருக்கும்? சொல்லியிருந்தாலும் அது எத்தனை கப்பலை மூழ்கடித்திருக்கும்? பியூவும் கிரைஸும் நேர்மையாக நம்பித்தான் போனார்கள், துணிச்சலாகத்தான் போனார்கள். ஆனால் அந்த வானொலிக்கு ஏற்றிச்சொன்ன பாரத்தில் பெரும்பகுதி அதனுடையது அல்ல என்றே நான் கருதுகிறேன்.

ஏனென்றால் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் அட்லாண்டிக் கப்பல்தொடர்களுக்காகப் பகிர்ந்துகொண்ட மூன்றாம் எண் கடற்படைச் சங்கேதத்தை பெர்லினின் பி-டீன்ஸ்ட் என்ற உளவுக்கேட்புப் பிரிவு மாதக்கணக்காகப் படித்துக்கொண்டிருந்தது. கோவாத் தாக்குதல் முடிந்து ஒரே வாரம். மார்ச் 16 முதல் அட்லாண்டிக்கில் இரண்டு கப்பல்தொடர்கள்மேல் நீர்மூழ்கிக் கூட்டம் பாய்ந்து 20க்கும் மேற்பட்ட சரக்குக்கப்பல்களை மூழ்கடித்தது. வழியைக் காட்டிக்கொடுத்தது நேசநாட்டார் தாங்களே காற்றில் விட்ட வார்த்தை. போதாக்குறைக்கு மார்ச் 10 அன்று ஜெர்மானியர் தங்கள் வானிலைக் குறிப்பேட்டை மாற்றியதால், பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தைப் படித்துவந்தவர்களுக்கு 19ஆம் தேதிவரை நீர்மூழ்கிகளின் பேச்சு இருளடைந்துபோயிற்று. நம் புத்தகம் கசிகிறது என்று ஒப்புக்கொண்டு அந்தச் சங்கேதத்தை மாற்றியது ஜூன் மாதம்.

புத்தகம் கசியும் என்று மனசு ஒப்புவதில்லை. எவனோ காட்டிக்கொடுக்கிறான் என்றால் உடனே ஒப்பிவிடுகிறது. எல்லாத் தரப்பிலும் இதே கதைதான். சந்தேகம் எழுந்தபோதும் கடைசிவரை ஜெர்மானியர் எனிக்மா உடைபடாது என்றே நம்பி, ஆட்களைச் சந்தேகித்தார்கள்.

எஹ்ரன்ஃபெல்ஸின் உடன்பிறப்புகளின் கதியே இதற்குச் சாட்சி. ஹான்சா கம்பெனி அதே வகையில் கட்டிய கோல்டன்ஃபெல்ஸும் காண்டல்ஃபெல்ஸும் போரில் வேஷம்போட்டு வேட்டைக்கப்பல்களாயின. கோல்டன்ஃபெல்ஸுக்கு அட்லாண்டிஸ் என்று பெயர். 1940 ஜூலையில் சிட்டி ஆஃப் பாக்தாத் என்ற கப்பலைப் பிடித்தபோது பிரிட்டிஷ் வணிகக்கப்பல்களின் சங்கேதப் புத்தகம் அதன் கையில் சிக்கியது. அந்தப் புத்தகங்களுக்கு ஈயக்கனம் கட்டி, ஆபத்து வந்தால் கடலில் எறிய வேண்டும் என்பது விதி. குண்டுமழை நடுவே எறிய நேரம் வாய்க்க வேண்டுமே. அடுத்த ஆண்டு நவம்பர் 22இல் ஒரு நீர்மூழ்கிக்கு எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்த அட்லாண்டிஸை டெவன்ஷயர் க்ரூஸர் வந்து மூழ்கடித்தது. அட்லாண்டிஸும் நீர்மூழ்கியும் சந்திக்கும் இடத்தை பிளெட்ச்லி பார்க் முன்கூட்டியே படித்துவிட்டது. காண்டல்ஃபெல்ஸ், அதாவது பிங்குவின், 1941 மே 8இல் இந்தியப் பெருங்கடலில் முடிந்தது. முடித்தது கார்ன்வால், ஓராண்டுக்குள் இலங்கைக்குத் தெற்கே தானும் மூழ்கிய அதே கார்ன்வால்.

மாலையில் எர்ணாகுளத்துக்குப் படகு ஏறினேன். வலப்பக்கம் தென்பிராந்தியக் கடற்படைத் தளம். கடற்படையின் சிக்னல் பள்ளி இங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் போனில் சிக்னல் இல்லை என்று முனகிக்கொண்டிருந்தான். நீர்மூழ்கிக்குள் இருப்பவனின் நிலைமையை நினைத்துக்கொண்டேன். உப்புத்தண்ணீர் மின்னலையை விழுங்கிவிடும். சாதாரண வானொலி அலை சில அங்குலத்தோடு சரி. மிகக் குறைந்த அதிர்வெண், அதாவது கிலோமீட்டர்க்கணக்கில் நீளும் அலை மட்டும் பத்து இருபது மீட்டர் இறங்கும். அதை அனுப்ப வானளாவிய கம்பங்கள் வேண்டும். 1943இல் ஜெர்மனி கால்பே என்ற ஊரில் கோலியாத் என்று ஒன்றைக் கட்டியது, 1000 கிலோவாட். நம்மிடம் இருப்பது திருநெல்வேலிச் சீமையில், நாங்குநேரிப் பக்கம் விஜயநாராயணத்தில். 1990இல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 2014இல் அங்கே புதிய நிலையம் வந்தது. அதன் இரட்டைக் கம்பங்களின் உயரம் 471 மீட்டர். இவ்வளவு செய்தாலும் ஒருவழிப் பேச்சுத்தான். கீழே இருப்பவன் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டுமானால் மேலே வந்து வாய்திறக்க வேண்டும். திறந்தால் திசைகாணும் கருவி இருக்கும் இடத்தைப் பிடித்துவிடும்.

1971 டிசம்பரில் டையூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி வாய்திறந்ததை நம் கடற்படை பிடித்தது. தேடிப்போன நம் போர்க்கப்பல் குக்ரி, 9ஆம் தேதி இரவு, அதே நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இரையாயிற்று. கேப்டன் மகேந்திரநாத் முல்லாவோடு 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். இந்த எண்களை எழுதும்போதெல்லாம் கை ஒருகணம் நிற்கிறது.

அதே போரின் கிழக்குக் கடற்கதையை எழுதியவர் நாகர்கோவிலில் பிறந்தவர். வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன், கிழக்குக் கடற்படைத் தளபதி. சிட்டகாங்குக்குப் போன ஒரு செய்தியில் ஒரு குறிப்பிட்ட மசகு எண்ணெய் கேட்டிருந்தது. அந்த எண்ணெய் நீர்மூழ்கிக்கும் கண்ணிவாரிக் கப்பலுக்கும் மட்டுமே தேவைப்படுவது. பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி வங்காள விரிகுடாவுக்குள் வந்துவிட்டது, நம் விமானந்தாங்கி விக்ராந்த்தைத் தேடுகிறது என்று அவர் முடிவுகட்டினார். விக்ராந்த்தை அந்தமான் பக்கம் ஒளித்துவிட்டு, ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த்தாக நடிக்கவைத்தார். கம்பியில்லாத் தந்தியில் வேண்டுமென்றே பேச்சைப் பெருக்கினார். சென்னைக் கான்ட்ராக்டர்களிடம் விமானந்தாங்கிக்கு ஆகும் அளவு காய்கறியும் இறைச்சியும் கேட்டார். தாயாருக்கு உடம்பு எப்படி என்று விக்ராந்த் மாலுமி ஒருவர் விசாரிப்பதாக மூடாத தந்தி ஒன்றையும் போகவிட்டார். டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்து வாசலில் காஸி 90க்கும் மேற்பட்டவர்களோடு வெடித்து மூழ்கியது. ராஜ்புத்தின் குண்டா, உள்ளேயே வெடித்ததா என்று இரு நாட்டாரும் இன்றும் வெவ்வேறாகச் சொல்கிறார்கள். அந்த மாலுமிகளும் தாய்க்குப் பிள்ளைகள்.

கிருஷ்ணன் ஓய்வுக்குப் பிறகு இந்தக் கொச்சிக் கப்பல்கட்டும் தளத்துக்குத் தலைவராக வந்தார். படகிலிருந்து பார்த்தால் அதன் ராட்சதக் கிரேன் தெரிகிறது. அவர் ஒளித்துக் காத்த கப்பலின் பெயரையே தாங்கிய புதிய விக்ராந்த் 2022இல் அங்கிருந்துதான் கடற்படைக்குப் போயிற்று.

இரவு ஆலப்புழை எக்ஸ்பிரஸில் சென்னைக்குத் திரும்பினேன். ரயில் ஷொரணூர் நோக்கி வடக்கே போகும்போது தானூர் நினைவுக்கு வந்தது. ஷொரணூரில் பிரிந்து மலபார்க் கரையோடு போகும் தண்டவாளத்தில் இருக்கும் கடலோர ஊர் அது. ஃபீபி புறப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பு, 1942 செப்டம்பர் இறுதியில், பினாங்கிலிருந்து வந்த ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி அங்கே ஐந்து இந்திய இளைஞர்களை ரப்பர் தெப்பத்தில் இறக்கிவிட்டது. பினாங்கின் இந்தியச் சுயராஜ்யப் பயிலகத்தில் உளவும் கம்பியில்லாத் தந்தியும் படித்தவர்கள். தலைவர் வக்கம் அப்துல் காதர், 25 வயது. இன்னொரு குழு கத்தியவார்க் கரையில் இறங்கியது. கரையேறிய வேகத்திலேயே பிடிபட்டார்கள்.  வழக்கு சென்னையில் நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று அப்துல் காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் நால்வரும் சென்னை மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். முந்தைய இரவு அப்துல் காதர் தன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார்.

மர்மகோவாவில் இரவில் கப்பலேறிக் கொன்றவர்கள் கல்கத்தா கிளப்புக்குத் திரும்பிப்போனார்கள். நாட்டுக்குள் வந்து ஒருவரையும் தொடாதவர்கள் தூக்குமேடைக்குப் போனார்கள். இதை ஆறின மனசோடு எழுத எனக்கு வரவில்லை.

காலையில் சென்ட்ரலில் இறங்கினேன். 1943 மார்ச்சில் கொச்சிக்குப் போகும் வழியில் அந்தப் பதினெட்டுப் பேரும் கடந்துபோன ஊர். சாலையைத் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கூவத்தை ஒட்டித்தான் அந்தச் சிறை இருந்தது. 2006இல் புழலுக்கு மாறியது, 2009இல் இடித்தார்கள். இப்போது அங்கே மருத்துவக்கல்லூரிக் கட்டடம் நிற்கிறது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதுவரை நடந்தேன். ஏழரை மணி. வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.